மார்கழிக் காலையில் டீசல் வண்டி ஏன் புகை கக்குகிறது? நிறம் பார்த்துப் பழுதைப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

மதுரையில் மார்கழி, தை மாதத்து அதிகாலை என்றால் 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். நமக்குக் காதை மூட மஃப்ளர் வேண்டியிருக்கும், ஆனால் டீசல் இன்ஜினுக்கு இது ஒரு குளிரே இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே போகிற ஊர்களிலும் இதே மாதிரி இன்ஜின்கள்தான் தினமும் ஸ்டார்ட் ஆகின்றன. அதனால், காலையில் செல்ஃப் அடித்ததும் தெருவே வெள்ளையாகி, எதிர்வீட்டு அக்கா போட்ட கோலம் கண்ணுக்குத் தெரியாமல் போகிற அளவுக்குப் புகை வந்தால், "பனிக்கு அப்படித்தான்ணே இருக்கும்" என்று யார் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். ஸ்டார்ட் ஆன சில விநாடி லேசாகப் புகைத்து நின்றுவிட்டால் சரி. ஒரு நிமிஷத்தைத் தாண்டியும் கக்கிக்கொண்டே இருந்தால் இன்ஜினில் எங்கேயோ ஒன்று வலுவிழந்திருக்கிறது, பகல் வெயிலில் மறைந்து கிடந்ததைக் காலைக் குளிர் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கொடைக்கானல் கதை வேறு. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காய்கறி ஏற்றப் போய் ராத்திரி அங்கேயே வண்டியைப் போட்டு வைப்பவர்களுக்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான்: பிஸ்டன் காற்றை 16-இல் ஒரு பங்கு, 20-இல் ஒரு பங்கு என்று நசுக்கும்போது அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது, அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்கிறது. ராத்திரி முழுக்க ஆறிப்போன சிலிண்டரில் நடப்பது வேறு. நசுக்கிய சூட்டில் ஒரு பகுதியைக் குளிர்ந்த சுவரும் பிஸ்டன் தலையும் உறிஞ்சிவிடும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் நசுங்கிய காற்று பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் இடுக்கு வழியாகக் கீழே கசிய நேரம் கிடைத்துவிடும். சூடு போதாததால் டீசல் ஆவியாகாமல் துளித்துளியாகவே நின்று, பாதி எரிந்தும் எரியாமலும் சைலென்சர் வழியாக வெளியே வரும். காலையில் பார்க்கிற வெள்ளைப் புகையில் பெரும்பங்கு இந்த எரியாத டீசல்தான்.

ஆக, காலைப் புகைக்குக் கேள்வி இரண்டுதான். சிலிண்டரில் சூடு ஏன் போதவில்லை? டீசல் ஏன் சரியாகத் தூவவில்லை? கீழே இருக்கிற சோதனை எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேடுகின்றன.

முதல் வேலை: கழற்றாதீர்கள், பாருங்கள்

ராத்திரி நிறுத்திய வண்டியை மெக்கானிக் வந்த பிறகு காட்டலாம் என்று பட்டறைக்கு ஓட்டிப்போனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகி, புகையும் நின்று, "ஒண்ணும் இல்லையேண்ணே" என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். வீட்டு வாசலிலேயே, எட்டு மணி நேரமாவது நின்ற வண்டியில் பார்க்க வேண்டும். ஒருவரை சைலென்சருக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, செல்ஃப் அடிப்பதற்கு முன்பிருந்தே செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சத்தமும் சேர்ந்து பதிவாகும், பின்னால் மெக்கானிக்கிடம் வாயால் விவரிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வீடியோவில் கவனிக்க வேண்டியவை: செல்ஃப் சுற்றும்போதே புகை வருகிறதா, ஸ்டார்ட் ஆன பிறகுதானா? என்ன நிறம்? எவ்வளவு நேரத்தில் நிற்கிறது? இன்ஜின் குலுங்குகிறதா, ஒரே சீராக ஓடுகிறதா?

இதில் முதல் கேள்வி ரொம்ப முக்கியம், பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. செல்ஃப் நீளமாகச் சுற்றியும் சைலென்சரில் ஒரு இழை புகைகூட இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை என்று அர்த்தம், நீங்கள் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது வீண் வேலை. புகை வருகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் டீசல் போகிறது, சூடுதான் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மணத்தையும் பாருங்கள், மூக்கைக் குழாயில் வைத்து அல்ல, தள்ளி நின்று. கண் எரிந்து பச்சை டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல். வாடையே இல்லாமல் நாலடி தூரத்துக்குள் காற்றில் கரைந்து போனால் அது வெறும் நீராவி, பயமே வேண்டாம். லேசான தித்திப்பு வாடையோடு கரையாமல் தொங்கினால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் தண்ணீர். ஒரு வெள்ளைத் துணியைக் கம்பியில் கட்டிக் குழாய் வாயில் கொஞ்ச நேரம் காட்டிப் பார்க்கலாம்: தண்ணீர் காய்ந்ததும் தடம் இருக்காது, டீசல் வாடை துணியிலேயே நிற்கும், ஆயில் என்றால் மஞ்சள் கறை பிடிக்கும்.

வெள்ளைப் புகை: பேட்டரியில் தொடங்குங்கள்

நம்ம ஊரில் காலைப் புகை என்றதும் பலர் நேரே நாசில் சர்வீஸுக்குப் போகிறார்கள். நான் சொல்வது அதற்கு நேர் எதிர்: காசில்லாத வேலையிலிருந்து தொடங்கிக் காசு தின்கிற வேலைக்குப் போங்கள்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நின்ற 12 வோல்ட் பேட்டரியில் காலையில் 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். அப்புறம் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி அந்த நேரத்தில் பாருங்கள், 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கிறது. 24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று நன்றாக இருந்து இன்னொன்று படுத்திருந்தால் மொத்தமும் மந்தம்தான்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறதா? எர்த் வயரைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துச் செல்ஃப் அடித்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் பட்டை வயரில் துரு, அல்லது போல்ட் தளர்ச்சி. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே புகை பாதியாகக் குறைந்த வண்டிகள் உண்டு. காரணம் மேலே சொன்னதுதான், செல்ஃப் வேகமாகச் சுற்றினால் காற்று கசிவதற்கு நேரம் இல்லை, சூடு ஏறும்.

ஹீட்டர் பிளக்

டாடா ஏஸ், பொலேரோ, பழைய சுமோ மாதிரி வண்டிகளில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் இருக்கும். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சுருள் படம் போட்ட விளக்கு எரிந்து அணையும். அந்த விளக்கு அணைந்ததால் பிளக் எல்லாம் சூடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பல வண்டிகளில் அது வெறும் நேரக் கணக்கு, நாலு பிளக்கும் செத்திருந்தாலும் அழகாக எரிந்து அழகாக அணையும்.

பார்க்கும் முறை இது. பிளக்குகளை இணைக்கும் பட்டையில் மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்புங்கள். பேட்டரி வோல்டேஜுக்குக் கிட்டத்தட்ட வந்தால் ரிலேயும் ஃபியூஸும் சரி. ஒன்றுமே வரவில்லை என்றால் பிளக்கைக் குற்றம் சொல்ல வேண்டாம், ரிலேயைப் பாருங்கள். (புது வண்டிகளில் இன்ஜின் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருந்தால் கம்ப்யூட்டரே ஹீட்டரைப் போடாது, அதனால் இந்தச் சோதனையும் ஆறிய இன்ஜினில்தான்.) அடுத்து சாவியை அணைத்துவிட்டுப் பட்டையைக் கழற்றி, ஒரு சாதாரண 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பை எடுத்து, பல்பின் ஒரு வயரைப் பேட்டரி பிளஸிலும் மறு வயரை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள். பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை, எரியாவிட்டால் அந்தப் பிளக் போய்விட்டது. மீட்டரில் ஓம் பார்த்தால் நல்ல பிளக் ஒரு ஓம் வாக்கிலோ அதற்குக் குறைவாகவோ காட்டும்.

பிளக்கை வெளியே எடுத்து நேராகப் பேட்டரியில் வைத்து நுனி சிவக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பழைய 12 வோல்ட் பிளக்குக்குச் சில விநாடி வைத்தால் தாங்கும். புது வண்டிகளில் ஐந்து, ஏழு வோல்ட்டில் வேலை செய்கிற வகை வருகிறது, அதற்கு 12 வோல்ட் கொடுத்தால் அங்கேயே எரிந்துபோகும். பிளக் மேலேயே வோல்ட் அச்சடித்திருக்கும், படித்துவிட்டுத் தொடுங்கள்.

நாலில் ஒன்று போயிருந்தால் அறிகுறி தெளிவாகத் தெரியும்: வண்டி ஸ்டார்ட் ஆகும், ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் இன்ஜின் குலுங்கும், வெள்ளைப் புகை வரும், அரை நிமிஷம் ஒரு நிமிஷத்தில் அந்த சிலிண்டரும் சேர்ந்துகொண்டதும் சட்டென்று சத்தம் சீராகிப் புகையும் நிற்கும். மாற்றும்போது நாலையும் மாற்றிவிடுங்கள், ஒன்று போன வயதில்தான் மற்றதும் இருக்கிறது. கழற்றும்போது இன்ஜின் கொஞ்சம் சூடாக இருக்கட்டும், முந்தின நாளே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், திருகவில்லை என்றால் முறுக்காதீர்கள். நுனி ஒடிந்து சிலிண்டர் ஹெட்டில் மாட்டினால் சிறிய செலவு ஹெட்டைக் கழற்றும் செலவாகிவிடும்.

பெரிய லாரி, டிராக்டர் பலவற்றில் ஹீட்டர் பிளக்கே கிடையாது, டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் இருக்கும் குழிக்குள் பாய்வதால் தேவைப்படுவதில்லை. சிலவற்றில் காற்று உள்ளே போகும் வழியில் ஒரு ஹீட்டர் இருக்கும், அதற்கும் கரண்ட் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஏர் எடுக்கிறதா?

ராத்திரி நிற்கும்போது டீசல் லைனில் எங்கேயாவது காற்று புகுந்தால், நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பம்பில் நின்ற டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் செல்ஃப் நீளமாகச் சுற்றும், ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் அணையும், திரும்பப் பற்றும்போது திக்கித் திணறி வெள்ளையாகக் கக்கும். பகலில் நிறுத்தி எடுத்தால் ஒன்றுமே தெரியாது.

பம்புக்கு முன்னால் இருக்கும் லைன் உறிஞ்சுகிற பக்கம், அதனால் அங்கே ஓட்டை இருந்தால் டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். "கீழே ஒரு சொட்டு இல்லையே" என்று தரையைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பைக் காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் அழுத்திப் பாருங்கள், ஒன்றிரண்டு அழுத்தலிலேயே கெட்டியானால் லைன் நிறைந்திருக்கிறது. பல தடவை தொளதொளவென்று போய், கெட்டியான பிறகு செல்ஃப் அடித்ததும் உடனே ஸ்டார்ட் ஆனால் ஏர்தான், சந்தேகமே இல்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு துண்டு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். வாஷர், வெடித்த ரப்பர் ஓஸ், தளர்ந்த கிளிப், ஃபில்டர் மாற்றும்போது பழைய வாஷரையே திரும்பப் போட்டது, நாசிலிலிருந்து திரும்பும் மெல்லிய ரிட்டன் ஓஸ் என்று வரிசையாகப் பாருங்கள்.

ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவதும் இதோடு சேர்ந்த வேலை. மழைக்காலம் முடிந்து வருகிற மாதம் இது, டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கும்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்ட வண்டிகள்

நம்ம பக்கத்து மெக்கானிக்குகளிடம் எனக்கு ஒரே ஒரு தீராத சண்டை உண்டு. வண்டி ஒரு தடவை கொதித்துவிட்டால் போதும், "மதுரை வெயிலுக்கு இதெல்லாம் எதுக்குண்ணே" என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த வால்வு 80 டிகிரி வாக்கில்தான் திறக்கும், அதுவரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்கும். அது இல்லாத இன்ஜினுக்கு ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து ரேடியேட்டர் தண்ணீர் முழுக்கச் சுற்றும். மார்கழி அதிகாலையில் மேலூரிலிருந்து காலி வண்டியாகக் கிளம்பினால் மாட்டுத்தாவணி வரைக்கும் சூடு காட்டும் முள் மேலே ஏறாது, வழி நெடுகப் புகை, மைலேஜும் போகும், ஆயிலில் டீசல் கலந்து சிலிண்டரின் உள்சுவரான லைனரும் சீக்கிரம் தேயும்.

சோதனை எளிது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஓஸைத் தொட்டுப் பாருங்கள் (ஃபேன் பெல்ட் பக்கம் கை போகக் கூடாது). வால்வு இருந்தால் அந்த ஓஸ் ரொம்ப நேரம் குளிர்ச்சியாகவே இருந்து திடீரென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. புது வால்வின் விலை ரொம்பக் குறைவு. கொதிப்புக்கு உண்மையான காரணம் அடைத்த ரேடியேட்டரோ, ஃபேனோ, வாட்டர் பம்போ, அதைச் சரிசெய்துவிட்டு வால்வைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

நாசில், டைமிங், கம்ப்ரஷன்

இதுவரை எல்லாம் சரி, இன்னும் புகை நிற்கவில்லை என்றால்தான் பட்டறை வேலை.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் எந்த சிலிண்டர் எரியவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. காலையில் புகைக்கும்போதே, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒரு நாசிலுக்குப் போகும் பைப் நட்டைத் துணி சுற்றிப் பிடித்து ஸ்பேனரால் கால் சுற்று தளர்த்துவார்கள். டீசல் துணியில் கசியும், அந்த சிலிண்டர் நின்றுபோகும். நன்றாக எரிந்துகொண்டிருந்த சிலிண்டர் என்றால் இன்ஜின் சத்தம் உடனே இறங்கித் தள்ளாடும். தளர்த்தியும் சத்தத்தில் மாற்றமே இல்லை, ஆனால் புகை மட்டும் குறைகிறது என்றால் ஆள் சிக்கினான், எரியாத டீசலைக் கக்கியவன் அவன்தான். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையை நட்டுக்கு நேரே கொண்டு போகாமல் செய்ய வேண்டும். எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அந்த லைனில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஓடும், கசியும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. அந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது, ஒவ்வொரு இன்ஜெக்டரின் (நாசிலின்) ரிட்டன் ஓஸையும் தனித்தனி பாட்டிலில் விட்டு எது அதிகமாகத் திருப்புகிறது என்று அளப்பது என்று வேறு வழிகள் இருக்கின்றன.

சிக்கிய சிலிண்டரின் நாசிலைப் பம்ப் கடையில் டெஸ்டரில் மாட்டி உங்கள் கண்முன்னால் அழுத்தச் சொல்லுங்கள். பனிமாதிரி தூவி டக்கென்று நிற்க வேண்டும். நீர்த்தாரையாகப் பாய்ந்தாலோ, நின்ற பிறகு நுனியில் சொட்டு கட்டினாலோ அது தேய்ந்துவிட்டது. அந்தச் சொட்டுத்தான் காலையில் முதல் புகை. பீய்ச்சும் அழுத்தத்தை வண்டியின் கணக்குப்படி வைக்கச் சொல்லுங்கள், வாஷர் புதிதாகப் போடுங்கள்.

எல்லா சிலிண்டரும் ஒரே மாதிரி புகைத்தால் பம்ப் டைமிங், அதாவது டீசலைப் பீய்ச்சும் நேரம், பின்தங்கியிருக்கலாம், சமீபத்தில் டைமிங் பெல்ட்டோ பம்போ கழற்றி மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். வால்வு இடைவெளி ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் கம்ப்ரஷன் (காற்றை நசுக்கும் அழுத்தம்) கசிந்து காலையில் இதே தொல்லை வரும். கடைசியில் கம்ப்ரஷன் கேஜ். நல்ல இன்ஜினில் 25-லிருந்து 35 பார் வரை இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும், சிலிண்டர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒன்று மட்டும் 20-க்குக் கீழே போனால் ரிங், லைனர், வால்வு என்று பெரிய வேலைக்குத் தயாராகிவிடுங்கள்.

கூலன்ட் கலந்த வெள்ளைப் புகை

சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் லேசாகப் போயிருந்தால் ராத்திரி அழுத்தத்தில் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி நிற்கும். காலையில் ஒரு குலுக்கலோடு ஸ்டார்ட் ஆகி, அடர்ந்த வெள்ளைப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஹீட்டர் பிளக் பழுது மாதிரியே ஏமாற்றும், ஆனால் கூலன்ட் டப்பா வாராவாரம் குறைந்துகொண்டே வரும். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து குமிழி வருகிறதா பாருங்கள் (சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கும் தைரியம் யாருக்கும் வேண்டாம்). செல்ஃப் அடிக்கும்போது 'டக்' என்று இடித்து நின்றால் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் அது நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். புது வண்டிகளில், புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் கூலர் ஓட்டையாகியும் இதே புகை வரும்.

நீலமும் கறுப்பும்

காலையில் ஒரே ஒரு மொத்தை நீலப் புகை, அப்புறம் சுத்தம் என்றால் வால்வு சீல் தேய்ந்து ராத்திரி ஆயில் சொட்டியிருக்கிறது. உடனடி ஆபத்தில்லை, ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். நீலம் நிற்கவே இல்லை, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி தள்ளுகிறது என்றால் ரிங் போய்விட்டது. காற்றை உள்ளே தள்ளும் டர்போவின் சீலும் ஆயில் அடிக்கும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் அடிக்கும். ஆனால் நீங்கள் ஊற்றாமலே ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், டீசல் உள்ளே கலக்கிறது. ஆயில் நீர்த்துப் பேரிங் போகும், மோசமானால் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் எகிறும்.

கறுப்பு என்றால் காற்றுக்கு மீறிய டீசல். ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஒரு கறுப்பு உதறல் பழைய பம்புகளில் சாதாரணம், குளிரில் கூடுதல் டீசல் விடும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். தொடர்ந்து வந்தால் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், அறுவடை நாட்களில் அலங்காநல்லூர், உசிலம்பட்டி பக்கம் ஓடும் டிராக்டருக்கு அது மாதத்திலேயே அடைத்துவிடும். லோடு இழுக்க வேண்டுமென்று பம்ப் சீலை உடைத்து டீசலை ஏற்றி வைத்திருந்தால் புகையைப் பற்றிப் புலம்பிப் பிரயோஜனம் இல்லை, திரும்ப இறக்கி வையுங்கள்.

கொடைக்கானலில் ராத்திரி நிற்கும் வண்டிகளுக்கு

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் 2,000 மீட்டருக்கு மேலே போய்விடுகிறோம். டிசம்பர் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். அதைவிட முக்கியம், அந்த உயரத்தில் காற்றே மெல்லியது, சமவெளியோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பற்ற வைக்கும் அழுத்தமும் குறைந்து, எரிக்கும் ஆக்சிஜனும் குறைந்து, மதுரையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிற வண்டி அங்கே இருமும். அங்கே ஒன்றிரண்டு நிமிஷம் லேசாகப் புகைப்பதை நான் பழுது என்று சொல்ல மாட்டேன்.

முந்தின சாயங்காலமே ஆயில், கூலன்ட் டப்பாவின் அளவு (மூடியைத் திறக்காமல்), பேட்டரி டெர்மினல் பார்த்துவிடுங்கள். காலையில் ஹீட்டரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை போடுங்கள், விளக்கு அணைந்ததும் சாவியை அணைத்துத் திரும்பப் போட்டு, அப்புறம் செல்ஃப். கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு அடியுங்கள், கியர் பாக்ஸில் இறுகிக் கிடக்கும் ஆயிலைச் சுற்றும் சுமை செல்ஃபுக்கு இல்லாமல் போகும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல் அரை நிமிஷம் இடைவெளி விடுங்கள்.

சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் மலையில் ரொம்ப உண்டு. இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி நின்றுபோகும், பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். காய்கறி லோடோடு பூம்பாறைச் சரிவில் அதைச் செய்வது சரியில்லை. ஏர் கிளீனர் வாயில் மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்திக் காட்டுவது, ஆயில் சம்ப்புக்கு அடியில் தீ மூட்டுவது இரண்டும் வண்டியையே கொளுத்தும் வேலை. ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயும் ஹீட்டர் பிளக் இருக்கிற வண்டிக்கு ஆகாது, அது சிவந்த பிளக்கில் பட்டு நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனை உடைக்கும்.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் உறையாது என்று மேலே யாராவது யோசனை சொல்வார்கள். டீசல் உறைவதெல்லாம் லடாக் மாதிரி இடத்துப் பிரச்சினை, அங்கே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் தனியாகக் கொண்டுவந்தது. கொடைக்கானலுக்கு அது தேவையில்லை. மண்ணெண்ணெய் கலந்தால் பம்புக்கு வழுக்கல் போய்த் தேய்வதுதான் மிச்சம்.

ஸ்டார்ட் ஆன பிறகு

ஆக்சிலேட்டரை ஏற்றி ஏற்றி இறக்காதீர்கள். ஆறிய இன்ஜினுக்கு ரேஸ் கொடுத்தால் எரியாத டீசல்தான் கூடும், டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர்வதற்கு முன்னால் அது சுழலும். அரை நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு மெதுவாக நகர்ந்துவிடுங்கள். சும்மா நின்றபடி பதினைந்து நிமிஷம் ஓட விடுவதைவிட, லேசான லோடில் ஓடும்போதுதான் சீக்கிரம் சூடேறும். கதவடைத்த ஷெட்டுக்குள் ஓட விடவே வேண்டாம். டீசல் புகையைப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே சேர்த்துவிட்டது, பட்டறைப் பையன்கள் தினமும் மூச்சிழுப்பது அதைத்தான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டி (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தது) வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பெரும்பாலான வண்டிகளுக்குப் புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் சைலென்சரில் இருக்கும். காலையில் கொஞ்சம் நீராவி தவிர வேறெதுவும் கண்ணில் படக்கூடாது. கறுப்பாகப் புகைத்தால் ஃபில்டர் உடைந்திருக்கிறது, அல்லது உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் அதைப் பிடுங்கிவிட்டார். பழைய வண்டி வாங்கும்போது சைலென்சர் வாயில் விரலைவிட்டுத் துடைத்துப் பாருங்கள், கரி ஒட்டினால் விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

வேலை எல்லாம் முடிந்ததும் அன்றைக்கே ஸ்டார்ட் செய்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள், மறுநாள் அதிகாலை அதே இடத்தில் மறுபடியும் வீடியோ எடுத்துப் பழையதோடு வைத்துப் பாருங்கள். புகைச் சான்று எடுக்கப் போகும்போது மட்டும் இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள், அந்தப் பரிசோதனையே சூடான இன்ஜினுக்கு உரியதுதான். காலையில் முதல் ஆளாகப் போய் ஆறிய வண்டியைக் கொடுத்தால் நல்ல இன்ஜினும் தோற்றுத்தான் போகும்.